தங்க நிப்பும் சாத்தூர் நிப்பும்

எங்கள் வீட்டில் நிப்பு இல்லாத பேனா ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது காய்ந்த பாசியின் நிறத்துக்கு வெளுத்துவிட்டது. பக்கவாட்டில் நகத்தால் தூக்கும்படி சிறு நெம்புகோல். மூடியின் கொக்கி எப்போதோ விழுந்துவிட்டது. உடலில் பொறித்திருந்த எழுத்துக்கள், எத்தனையோ வருடங்கள் விரல்பட்டுத் தேய்ந்து, சாய்த்துப் பிடித்தாலும் படிக்கமுடியாத நிலையில் இருக்கின்றன.

அது என் தாத்தாவின் பேனா. திருச்சுழிப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவர் அவர். கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை என்று கரிசல் நிலம் கைமாறிய கதைகள் அந்தப் பேனாவின் வழியாக இறங்கியிருக்கின்றன. எழுபதுகளின் நடுவில் அவர் இறந்த பிறகு, வீட்டில் ஒரு பெண்பிள்ளையின் கம்மலுக்குத் திருகு செய்யத் தங்கம் கொஞ்சம் குறைந்தது. பேனாவின் மஞ்சள் நிப்பு யாருடைய கண்ணிலோ பட்டது. அதைப் பிடுங்கி அருப்புக்கோட்டையில் ஒரு பத்தரிடம் கொடுத்தார்கள். அவர் உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "பாதி செம்புதான் இருக்கு" என்று சிரித்தாராம். ஆனாலும் உருக்கிக் கொடுத்தார். அந்தத் திருகும் பின்னாளில் எங்கோ தொலைந்துவிட்டது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பரணில், தகரப்பெட்டியில், மரப்பெட்டியின் சொருகறையில் கிடக்கும் பழைய பேனாக்களைப் பார்த்தவர்களுக்கு, அவற்றில் எத்தனை நிப்பு இல்லாமல் கிடக்கின்றன என்பது தெரியும். ஆகவே, அந்தப் பத்தர் சிரித்த சிரிப்பிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அந்த நிப்பில் ஏன் பாதி செம்பு இருந்தது? அப்படியானால் அதில் ஏன் தங்கம் இருந்தது?

மணலும் மையும்

திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவர்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷியானார் என்பது எல்லோரும் அறிந்தது. 1902இல் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் அவரிடம் சில கேள்விகள் கேட்டார். அப்போது பேசாதிருந்த ரமணர், பதில்களை மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். பிள்ளை அவற்றைப் படியெடுத்து வைத்திருந்ததால்தான் 'நான் யார்?' என்ற சிறு நூல் நமக்குக் கிடைத்தது. மணலில் எழுதியவருக்கு எழுத்து நிலைக்க வேண்டும் என்ற கவலை இல்லை. படியெடுத்தவருக்கு இருந்தது. எழுதுகருவிகளின் வரலாறு முழுவதும் அந்த இரண்டாமவரின் கவலையிலிருந்து பிறந்ததுதான்.

நிலைக்கும் எழுத்துக்கு நிலைக்கும் மை வேண்டும். நம் ஊர்களில் கடுக்காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாற்றில் அன்னபேதி சேர்த்து மை செய்தார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்து கறுப்பாகின்றன. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்துப் பூச்சிக்காய். முறை ஒன்றே. இந்த மை எழுதியவுடன் வெளிறித் தெரியும். காற்றுப் பட்டபின் கறுத்துக் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும். தண்ணீர் பட்டாலும் அழியாது. ஆகவே பதிவேடுகளுக்கும் பத்திரங்களுக்கும் உலகம் முழுவதும் இதையே விரும்பினார்கள். கடைகளில் 'புளூ பிளாக்' என்று விற்ற மைகளில் பலவும் இதன் வழிவந்தவையே.

ஆனால் இந்த மை அமிலத்தன்மை உடையது. எஃகு நிப்பை அது தின்றுவிடும். தொட்டெழுதும் கட்டைப்பேனாவில் அது பெரிய சிக்கல் இல்லை. நிப்பு அரித்தால் வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். மையைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும் ஊற்றுப்பேனாவிலோ நிப்பு பகலும் இரவும் மையில் நனைந்தே கிடக்கிறது. அமிலத்துக்கு அசையாத உலோகம் அங்கே தேவைப்பட்டது. தங்கம் பேனாவுக்கு வந்தது இப்படித்தான். பவிசுக்காக அல்ல.

தங்கத்துக்கு ஒரு குறை உண்டு. அது மென்மையானது. காகிதத்தில் உரச உரசத் தேய்ந்துவிடும். 1834ஆம் ஆண்டு வாக்கில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்பவர் தங்க நிப்பின் நுனியில் ஆஸ்மியமும் இரிடியமும் கலந்த இயற்கைக் கலவையின் மிகச்சிறு மணி ஒன்றைப் பொருத்தி இதற்கு வழி கண்டார். பூமியில் கிடைக்கும் மிகக் கடினமான உலோகங்களில் அதுவும் ஒன்று. பின்னர் 1884இல் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் மை சீராக இறங்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். ஒப்பந்தத்தில் மை கொட்டியதால் வாடிக்கையாளரை இழந்த காப்பீட்டு முகவர் அவர் என்ற கதை, பின்னாளைய விளம்பரங்களில் வளர்ந்தது. அதற்குச் சான்று கிடையாது. 1888இல் பார்க்கர் கம்பெனியைத் தொடங்கிய ஜார்ஜ் பார்க்கர் தந்திப் பள்ளி ஆசிரியர். 1908இல் நெம்புகோலால் மை நிரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்ற வால்டர் ஷீபர் யார் தெரியுமா? அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் நகைக்கடைக்காரர்.

பதினான்கு காரட்

இனி பத்தரின் சிரிப்புக்கு வருவோம். சுத்தத் தங்கம் 24 காரட். அதில் நிப்பு செய்தால் முதல் அழுத்தத்திலேயே வளைந்து அப்படியே நின்றுவிடும். நிப்பு வளைய வேண்டும், வளைந்தபின் திரும்பியும் வர வேண்டும். அந்தத் துள்ளலைத் தருவது தங்கத்தோடு சேர்க்கும் செம்பும் வெள்ளியும். 14 காரட் என்பது 24 பங்கில் 14 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 583. முத்திரையில் 585 என்று போடுவார்கள். மை அரிக்காத அளவுக்குத் தங்கம், துள்ளுகிற அளவுக்குக் கலப்பு என்ற சமரசம் அது. பத்தர் "பாதி செம்பு" என்று சொன்னது ஏறக்குறையச் சரிதான். ஆனால் அது குறை அல்ல. பேனாவுக்கு அதுவே நிறை.

நம் நாட்டில் 'பதினான்கு காரட்' என்ற சொல்லுக்கு வேறொரு கசப்பும் உண்டு. 1962 சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில், நிதியமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் தரமுள்ள நகைகளைப் புதிதாகச் செய்யக் கூடாது என்றது சட்டம். 22 காரட்டில் தாலி செய்து பழகிய கைகளுக்கு அது வேலையே இல்லாமல் செய்தது. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் நிலைகுலைந்தன. தற்கொலைகள் நடந்தன. 1966இல் தரக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. 1968இல் தனிச் சட்டமாக வந்த தங்கக் கட்டுப்பாடு 1990இல்தான் முற்றாக நீக்கப்பட்டது.

எங்கள் தாத்தாவின் நிப்பை உரசிய பத்தர் அந்த வருடங்களைக் கடந்து வந்தவர். பதினான்கு காரட் என்பது அவருக்குப் பசியின் பெயர். பத்திரம் எழுதுபவருக்கோ அதே பதினான்கு காரட்தான் சோறு. ஒரே உலோகம், ஒரே கலப்பு, இரண்டு தொழில்களுக்கு இரண்டு பொருள். அவருடைய சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவுத் தங்க நிப்பின் எடை அரை கிராமுக்கும் குறைவு. 0.4 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் உள்ள சுத்தத் தங்கம் 0.23 கிராம். ஒரு பவுன் நகைக்குள் இருக்கும் தங்கத்தைச் சேர்க்க முப்பதுக்கும் மேற்பட்ட பேனாக்களை அழிக்க வேண்டும். சேதாரம் தனி. எழுதக்கூடிய பழைய பேனா ஒன்றைச் சேகரிப்பவரிடம் கொடுத்தால் பெரும்பாலும் அந்தத் தங்கத்தின் மதிப்பைவிட அதிகமே கிடைக்கும். விற்கத்தான் வேண்டும் என்றாலும் பேனாவாக விற்பதே லாபம்.

எப்படி அடையாளம் காண்பது

பழைய பேனா ஒன்று கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் பார்ப்பது. நிப்பைப் பிடுங்காதீர்கள். திருகாதீர்கள். நெம்புகோலைத் தூக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள்.

நிப்பின் முகத்தில் எழுத்து இருக்கும். 14 என்ற எண்ணை அடுத்து ஆங்கிலக் 'கே' எழுத்தோ, 'சி டி' என்ற இரண்டு எழுத்துக்களோ, அல்லது 585 என்ற எண்ணோ இருந்தால் அது பதினான்கு காரட். 18 அல்லது 750 என்றிருந்தால் பதினெட்டு. பிரான்சுக்கென்று செய்தவற்றில் இது அதிகம். 'வாரண்டட்' என்ற சொல்லோடு காரட் எண் மட்டும் இருந்து கம்பெனிப் பெயர் இல்லையென்றால், அது பல பேனாக்களுக்குப் பொதுவாகச் செய்யப்பட்ட தங்க நிப்பு. தங்கம்தான், ஆனால் பேனாவோடு பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. 'இரிடியம் பாயிண்ட்' என்ற சொல்லைக் கண்டு ஏமாற வேண்டாம். அது நுனியைப் பற்றிய பேச்சு, நிப்பைப் பற்றியது அல்ல. எஃகு நிப்புகளிலும் அது தாராளமாகப் பொறிக்கப்பட்டது. பிற்காலத்து நுனிகளில் இரிடியமே பெயருக்குத்தான் இருந்தது. சில நிப்புகளில் முத்திரை கழுத்துக்குள் மறைந்திருக்கும். அதற்காக நிப்பை வெளியே இழுக்க வேண்டாம். மற்ற அடையாளங்களைப் பாருங்கள்.

முலாம் பூசிய எஃகு என்றால், மை ஊறும் பிளவின் ஓரங்களிலும் நடுத்துளையைச் சுற்றியும் மஞ்சள் கரைந்து வெண்மை எட்டிப் பார்க்கும். துருப்புள்ளிகளும் இருக்கலாம். தங்கம் உள்ளும் புறமும் ஒரே நிறம். காந்தத்தைக் காட்டி ஒட்டிக்கொண்டால் எஃகு என்பது உறுதி. ஒட்டவில்லை என்பதால் தங்கம் என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் துருப்பிடிக்காத எஃகு வகைகள் சில காந்தத்துக்கு அசையா. உரைகல் மட்டும் வேண்டவே வேண்டாம். பத்தர் உரசும் ஓரம் நுனியாகிவிட்டால், நிப்பின் ஆயுள் அங்கே முடிந்தது.

மூடியும் கொக்கியும் மஞ்சளாக மின்னுவதை வைத்து நிப்பை மதிப்பிடக் கூடாது. அவை பெரும்பாலும் பித்தளையின் மேல் தங்கத் தகடு ஒட்டி உருட்டியவை. இதன் மறுபக்கமும் உண்டு. 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51இல் நிப்பு ஒரு கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டும் தெரியும். உள்ளே இருப்பது பெரும்பாலும் தங்கம். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் சீனத்து ஹீரோ 616இன் நிப்பு எஃகு. நம் தலைமுறையில் பலர் ஹீரோவை எழுதிப் பழகியவர்கள் என்பதால் பெட்டியில் கிடக்கும் 51ஐயும் ஹீரோ என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உடலில் உள்ள பெயரைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

வயதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. 1930களின் நடுவிலிருந்து 1950களின் தொடக்கம் வரை பார்க்கர் பேனாக்களின் உடலில் ஆண்டின் கடைசி எண்ணைச் சிறியதாகப் பொறித்தார்கள். 51 ஒன்றில் '6' இருந்தால் அது 1946. வாட்டர்மேனின் பழைய கறுப்புப் பேனாக்களில் அடிப்பகுதியில் எண் இருக்கும். 52 என்றால் 5 நெம்புகோல் வகையையும் 2 நிப்பின் அளவையும் குறிக்கும். இங்கிலாந்தின் மேபி டாட் கம்பெனி 'சுவான்' என்ற பெயரில் உயர்ந்த வகையையும் 'பிளாக்பேர்ட்' என்ற பெயரில் விலை குறைந்த வகையையும் விற்றது. நம் ஊர்ப் பெட்டிகளில் இவை இரண்டும் தட்டுப்படுவதுண்டு.

உடல் எதனால் ஆனது என்பதை மூக்கு சொல்லிவிடும். கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். சூடத்தின் வாடை வந்தால் செல்லுலாய்டு. அதைச் செய்வதற்குச் சூடமே சேர்க்கிறார்கள். அதுவும் சூடத்தைப் போலவே சட்டென்று பற்றிக்கொள்ளும். 1920, 30களின் ஆங்கிலப் பேனாக்கள் சில, பாலிலிருந்து எடுக்கும் கேசீனால் ஆனவை. தண்ணீரில் ஊறவைத்தால் இவை உப்பி வெடித்துவிடும்.

கரிசலில் ஒரு பேனா

இந்தப் பேனாக்கள் குளிர்ந்த நாடுகளில் பிறந்தவை. அருப்புக்கோட்டையின் சித்திரை வெயிலும் திருச்சுழியின் கிணற்றுத் தண்ணீரும் அவற்றைச் செய்தவர்களின் கனவிலும் வந்திருக்காது. ஆகவே பொதுவான அறிவுரைகளோடு நம் மண்ணுக்கென்று சிலவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவது தண்ணீர். இந்தப் பக்கத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சோறு வைத்தால் வேகாத தண்ணீரில் பேனாவைக் கழுவினால், காய்ந்தபின் உப்பு நுண்வழிகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஒரு டம்ளர் போதும். வெந்நீர் கூடாது. எபோனைட்டை வெந்நீர் வெளுக்கச் செய்யும், செல்லுலாய்டை நெளிய வைக்கும். ஸ்பிரிட்டும் கூடாது. உடலின் பளபளப்பையும் உள்ளே ஒட்டியிருக்கும் அரக்கையும் அது கரைத்துவிடும். பழைய மை இறுகிக் கிடந்தால், நிப்பும் கழுத்தும் மட்டும் நனையும்படி ஓர் இரவு நிறுத்திவையுங்கள். கேசீன் பேனாவுக்கு இதுவும் ஆகாது. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வெயில். நெம்புகோல் வகைப் பேனாவின் உள்ளே மெல்லிய ரப்பர்ப் பை இருக்கிறது. நம் வெயிலில் அது சில வருடங்களில் கல்லாக இறுகும், அல்லது பிசினாக உருகும். இறுகிய பையோடு நெம்புகோலைத் தூக்கினால் உடல் விரிசல் விடும். பையை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதிய பையை அரக்கால் ஒட்டுவார்கள், பசையால் அல்ல. பின்னொரு நாள் மெதுவாகச் சூடு காட்டிப் பிரிப்பதற்கு அரக்குதான் வசதி. ஓட்டுக்கூரைக்கும் தகரக்கூரைக்கும் கீழுள்ள பரண், வெயிலில் நிறுத்திய வண்டி, சன்னலோரம் ஆகிய மூன்றும் பேனாவுக்கு ஆகாத இடங்கள். எபோனைட்டின் கறுப்பைப் பாசிநிறமாக்குவது வெளிச்சமும் ஈரமும்தான். துணியில் சுற்றி மர அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும்.

மூன்றாவது புழுதி. ஆடிக்காற்றில் கரிசல் புழுதி நுழையாத பொருள் கிடையாது. பிளவில் அது சிக்கினால் மை தடைப்படும். நாமெல்லாம் பள்ளியில் அதற்கு ஒரு வைத்தியம் செய்தோம். சவரப் பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிளவில் விட்டு இழுப்போம். நிப்பு கீறினால் சிமெண்டுத் தரையில் தேய்ப்போம். நாலணா நிப்புக்கு அது சரி. தங்கத்தில் பிளேடு கோடு போட்டுவிடும், பிளவு அகன்றால் மை கொட்டும். பழைய புகைப்படச் சுருளின் துண்டு ஒன்றைச் செருகி மெல்ல இழுங்கள். தரையில் தேய்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தச் சின்ன மணி போய்விட்டால் அதைத் திரும்ப வைக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான்.

நான்காவது மை. சாதாரண நீலமோ கறுப்போ போதும். இரும்பு மையைத் தங்கம் தாங்கும், ஆனால் அதன் வண்டல் நிப்புக்கடியில் இருக்கும் நாக்கின் வழிகளை அடைத்துவிடும். வாரக்கணக்கில் எழுதாமல் விடுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. படம் வரையும் இந்தியன் இங்க் எந்த ஊற்றுப்பேனாவுக்கும் கூடாது. எழுதப் போவதில்லை என்றால் மையைக் காலிசெய்து, கழுவி, நிப்பு கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு துணியின் மேல் இரண்டு நாள் நிறுத்தி, உலர்ந்தபின் எடுத்துவையுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய நினைவூட்டலாக நமக்கு ஒரு நாள் ஏற்கெனவே இருக்கிறது. சரஸ்வதி பூஜை. புத்தகத்தோடு பேனாவையும் அடுக்கி ஒருநாள் எழுதாமல் வைப்பது நம் வழக்கம். முதல்நாள் கழுவி, உலர்ந்த பேனாவை வையுங்கள். சந்தனமும் குங்குமமும் மூடியின் மேல் போதும். நிப்புக்குள் போன குங்குமம் அடுத்த சரஸ்வதி பூஜை வரைக்கும் வெளியே வராது.

சாத்தூர்

தங்க நிப்பின் கதையைச் சொல்லிவிட்டு அதன் எளிய உறவினரைச் சொல்லாமல் விட முடியாது. அருப்புக்கோட்டைக்குத் தென்மேற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது சாத்தூர். காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர்பெற்ற அந்த ஊர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பெயர்பெற்றிருந்தது. தகட்டை வெட்டி, முகத்தில் எழுத்தழுத்தி, துளையிட்டு, வளைத்து, பிளவு போட்டு, மெருகேற்றும் வேலைகள் சிறு பட்டறைகளில் குடிசைத் தொழிலாக நடந்தன. மழையை நம்பிய விவசாயம் கைவிட்ட பூமியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று கைகள் வேறு வேலை தேடிக்கொண்ட கதையின் ஒரு சிறு கிளை அது.

சுதேசிப் பேனா என்ற கனவு பெரிய இடங்களில் பேசப்பட்டது உண்டு. ராஜமுந்திரியின் ரத்னம் சகோதரர்கள் செய்த பேனாவைப் பெற்றுக்கொண்டு காந்தி 1935 ஜூலையில் நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைப் பேனா விரும்புகிறவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். சாத்தூர் நிப்புக்கு அப்படிப்பட்ட கடிதம் எதுவும் இல்லை. அது பள்ளிப் பிள்ளைகளின் பைகளுக்குள் போயிற்று. தங்க நிப்பு ஒரு கைக்கு ஒரு ஆயுள் முழுவதும். சாத்தூர் நிப்பு ஒரு பரீட்சைக்கு ஒன்று. அதன் அருமை அதன் மலிவில் இருந்தது. ஏழைப் பிள்ளை மையால் எழுத முடிந்ததற்கு அந்த மலிவும் ஒரு காரணம். எட்டயபுரமும் இடைசெவலும் மல்லாங்கிணறும் சாத்தூரிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்திலேயே இருக்கின்றன என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

பந்துமுனைப் பேனாவும், எழுதித் தூக்கி எறியும் பேனாவும் வந்தபின் நிப்புக்கு வேலை குறைந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. தங்க நிப்பை உருக்கியாவது பார்த்தார்கள். சாத்தூர் நிப்பை உருக்கவும் ஆள் இல்லை.

நிப்பு இல்லாத பேனா

மீண்டும் எங்கள் பேனாவுக்கு வருகிறேன். கந்தக வாடை வருவதால் எபோனைட். நெம்புகோல் இருப்பதால் 1908க்குப் பிந்தையது. இதற்கு மேல் அந்த உடல் எதுவும் சொல்ல மறுக்கிறது. கம்பெனியின் பெயர், காரட், அளவு எல்லாமே நிப்பின் முகத்தில் இருந்திருக்கும்.

சென்ற வருடம் வீட்டில் ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. கடைசியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் தாத்தாவின் கையெழுத்து. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கீழிறங்கும் கோடுகள் தடித்திருந்தன. மேலேறும் கோடுகள் மயிரளவு மெலிந்திருந்தன. 'ழ'வின் வளைவில் கோடு மெல்லத் தொடங்கி, தடித்து, மீண்டும் மெலிந்து முடிந்தது. மொட்டையான நிப்பில் அப்படி வராது. அழுத்தினால் விரிந்து, விட்டால் சேர்கிற, நன்றாகத் துள்ளும் நிப்பு ஒன்று அந்தக் கழுத்தில் இருந்திருக்கிறது. மை கறுத்து, ஓரங்களில் மட்டும் பழுப்பேறியிருந்தது. இரும்பு மையாக இருக்க வேண்டும். பத்தரின் கொட்டிலில் கரைந்துபோன நிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதுவும் அது எழுதிய எழுத்து சொன்னது.

வீட்டில் பழைய தங்க நிப்புப் பேனா இருப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். கழுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் முன்னால், ஒரு துண்டுக் காகிதத்தில் அது யாருடையது, அவர் எதை எழுதினார், எந்த ஊரில் எழுதினார் என்று எழுதி அதோடு வைத்துவிடுங்கள். முடிந்தால் அந்தப் பேனாவாலேயே எழுதுங்கள். நிப்பின் நுனி பல வருடங்கள் ஒரே கையின் சாய்வுக்குத் தேய்ந்திருக்கும். உங்கள் கைக்கு முதலில் அது கீறும். கொஞ்சம் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் எங்கோ ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அவர் பிடித்த சாய்வு அதுதான்.

எங்கள் பேனாவுக்கு அது வாய்க்கவில்லை. தாத்தாவின் தகரப்பெட்டியின் அடியில், பழுப்புக் காகிதப் பொட்டலத்தில், வெள்ளையாக நாலைந்து எஃகு நிப்புகள் இருந்தன. கணக்கெழுதும் மலிவுப் பேனாவுக்கென்று வாங்கிவைத்திருப்பார். அவற்றில் ஒன்றை அந்தக் கழுத்தில் செருகிப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, ஆனால் பொருந்திவிட்டது. பை இல்லாததால் தொட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. கோடு ஒரே தடிப்பாக விழுந்தது.

இந்தக் கட்டுரையின் முதல் படியை அதில்தான் எழுதினேன்.